பதிவேட்டில் இருக்கிற பெயர்கள்

“கோயிலுக்குள்ளே அரசியல் கதைக்காதேயுங்கோ” என்ற பேச்சைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பூசை முடிந்து வாசலில் கூடி நிற்கிற பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். பிறகு கொழும்பில் வேலை செய்த காலத்தில், படித்த கத்தோலிக்கர்கள் பலரும் அதையே சொன்னார்கள். மன்னார்க்காரனாகிய எனக்கு அந்தப் பேச்சு ஒருநாளும் மனதில் ஒட்டவில்லை. எங்கள் திருச்சபை பிறந்ததே அரசியலின் நடுவில்தான்.

1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவர் மன்னார்க் கரையில் ஞானஸ்நானம் கொடுத்தார். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து, ஏறக்குறைய 600 பேரைக் கொன்றான். வேதத்தில் சேர்ந்தவர்கள் போர்த்துக்கேயரின் ஆட்களாகிவிடுவார்கள் என்பது அவனுடைய அச்சம். அவர்களைத்தான் மன்னார் வேதசாட்சிகள் என்று தோட்டவெளியில் இன்றும் வணங்குகிறோம். பின்னர் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடியவர்களால் உண்டானதுதான் மடுக் கோயில். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் ஒளிந்துதான் இந்த நாட்டில் பூசை வைத்தார். இந்த மண்ணில் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவதே நெடுங்காலம் ஆட்சியை எதிர்த்த செயலாக இருந்தது. அப்படி வந்த சபையைப் பார்த்து அரசியல் வேண்டாம் என்றால், அதன் பொருள் என்ன?

என் அப்பா கோயில் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். நல்ல கையெழுத்து. ஆகவே பங்குச் சுவாமி பதிவேடுகளை அவரிடம் எழுதக் கொடுப்பார். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கலியாணம், மரணம் என்று தடித்த புத்தகங்கள். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், திகதி, சுவாமியின் ஒப்பம். அந்தப் பிள்ளை வளர்ந்து எந்தக் கோயிலில் கலியாணம் முடித்தாலும் அங்கிருந்து அறிவித்தல் வரும். அப்பா பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பார். ஊரைவிட்டு எங்கே போனாலும் ஒருவனுடைய கதை அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் திரும்பி வந்து சேர வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. “பெயரை எழுதினால் பொறுப்பு வந்திடும் தம்பி” என்று அப்பா சொல்வார். அப்போது அது எழுத்துப்பிழை விடாமல் எழுதுவதைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

கத்தோலிக்கர் வீதிக்கு இறங்கிய காலத்தையும் அப்பாதான் எனக்குச் சொன்னார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தது. பல ஊர்களில் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். அப்பா அந்த நாட்களைப் பெருமையோடு சொல்வார். தன் பாடசாலைகளைக் காக்க அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற திருச்சபையை, அரசியல் செய்கிறது என்று அன்று எங்கள் கோயில் வாசலில் எவரும் கண்டிக்கவில்லை. உடைமைக்காகப் பேசலாம், உயிருக்காகப் பேசினால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது. இதைப் பின்னாளில்தான் கண்கூடாகப் பார்த்தேன்.

1984 டிசம்பர் 4ஆம் திகதி மன்னார் வீதிகளில் இராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு ஒன்றரைக் கிழமைக்குள் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் முருங்கன் பக்கத்தில் கொல்லப்பட்டார். அவரோடு அவருடைய முஸ்லிம் சாரதியும் உயிரிழந்தார். அடுத்த மாதம் 6ஆம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாள். வங்காலைப் பங்குத் தந்தை மேரி பஸ்தியன் தன் கோயில் வளவிலேயே சுடப்பட்டார். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மக்களுக்கு நடப்பதை வெளியே சொன்னவர் என்று ஊரே அறிந்திருந்த குரு அவர். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் அம்மம்மா செபமாலை சொல்லத் தொடங்கி, அவருடைய பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். இறந்தவருக்குச் சொல்கிற செபத்தைச் சொல்வதா, உயிரோடு இருப்பவருக்குச் சொல்கிற செபத்தைச் சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழ்க் குருமார் மட்டுமே பேசினார்கள் என்று எழுதினால் அது நன்றிகெட்ட எழுத்தாகிவிடும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் குருணாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சபைக்கு எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் காலமானார். கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பேர்ஸ் மலையகத் தோட்டத் தொழிலாளருக்காக வாழ்நாளைக் கொடுத்தார். புத்தளைக்கு அருகே ஏழைச் சிங்கள விவசாயிகளோடு குடிசையில் வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள் 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் எல்லாரும் தங்கள் காலத்தில் ‘அரசியல் செய்கிற சாமிகள்’ என்று பெயர் கேட்டவர்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் குடும்பங்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போயின. சந்தையில் எங்களோடு தோளுரசி நின்றவர்கள். அப்பாவிடம் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஞாயிறு எங்கள் கோயிலில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. துவக்கு இருந்த இடத்தில் பயமும் இருந்தது என்பதை நான் அறிவேன். மாதங்கள் போய் ஆண்டுகள் போனபிறகும், இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன நாட்களிலும், பீடத்திலிருந்து எழ வேண்டிய குரல் எழ வேண்டிய அளவுக்கு எழவில்லை. எங்கள் பதிவேட்டில் இல்லாத பெயர்களும் கடவுள் அறிந்த பெயர்கள்தான்.

போர்க்காலம் முழுவதும் கோயில்களே எங்களுக்கு மிஞ்சிய ஒதுங்கிடம். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் புனித பேதுரு கோயிலிலும் சுற்றாடலிலும் ஒதுங்கியிருந்தவர்கள் மேல் விமானப்படை குண்டு போட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுக் கோயில் வளவில் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் மாண்டார்கள். 2006 ஜூன் மாதம் பேசாலை வெற்றி நாயகி கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் வெடி வைத்தார்கள். கைக்குண்டும் வந்து விழுந்தது. 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருமார் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஒல்லாந்தர் காலத்தில் காட்டுக்குள் வந்த மாதா மறுபடியும் ஒருமுறை அகதியானார். மடுவை ஆயுதம் இல்லாத வலயமாக விடுங்கள் என்று இரண்டு தரப்பிடமும் கேட்டவர் எங்கள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. அந்தக் கோரிக்கையையும் அரசியல் என்றுதான் சொன்னார்கள்.

2009 மே மாதம் நான் கொழும்பில் இருந்தேன். சந்திகளில் வெடி கொளுத்தி, கிரிபத் என்ற பாற்சோறு பரிமாறினார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் போன கோயிலில், போர் முடிந்ததற்காக நன்றிச் செபம் சொன்னார்கள். போர் முடிந்ததற்கு நன்றி சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால், செத்தவர்களுக்காக ஒரு வரியாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வன்னியில் மாட்டிக்கொண்ட என் சின்னம்மா குடும்பம் அப்போது மெனிக் பாம் முகாமில் இருந்தது. மூத்த மகன் மட்டும் வந்து சேரவில்லை. அதே மாதம் 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளும் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். பூசை முடிந்து வரும்போது, கூட வேலை செய்கிற சிங்கள அக்கா ஒருவரிடம் என் மனத்தாங்கலைச் சொன்னேன். நீர்கொழும்புப் பக்கத்தவர், கட்டுவாப்பிட்டிக் கோயிலைச் சேர்ந்தவர், என்னில் பாசமானவர், தம்பி என்ற பொருளில் ‘மல்லி’ என்றே கூப்பிடுவார். “மல்லி, கோயிலுக்குள் அதையெல்லாம் கொண்டுவராதே. செபம் பண்ணு” என்றார். அவர் என்னை நோகடிக்க அதைச் சொல்லவில்லை. ஒரே விசுவாசம், ஒரே செபமாலை, ஒரே பாப்பரசர். ஆனால் எங்கள் சாவுச் செய்தி அவருடைய மொழியில் அவருடைய காதுக்கு ஒருநாளும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். இலங்கைத் திருச்சபை இரண்டு இனத்தவரும் இருக்கிற மிகச் சில அமைப்புகளில் ஒன்று. குருமாணவர்கள் கண்டி அம்பிட்டியாவில் ஒன்றாகப் படித்திருக்கிறார்கள். மடு ஆவணித் திருவிழாவில் தமிழ்ப் பூசையும் சிங்களப் பூசையும் ஒரே பீடத்தில் நடக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இலத்தீன் போய் மக்களின் மொழி வந்தது நல்ல மாற்றம். ஆயினும் அதோடு, சிங்களப் பூசைக்குப் போகிறவர் தமிழ்ப் பிரசங்கத்தை வாழ்நாளில் கேட்காமலே இருந்துவிடலாம் என்றும் ஆயிற்று. நீர்கொழும்பு தொட்டுச் சிலாபம் வரையுள்ள கரையில் தமிழ் பேசிய ஊர்கள் சிங்களத்துக்கு மாறியதில் பாடசாலை மொழிக்கும் பூசை மொழிக்கும் பங்குண்டு. மொழியால் பிரிந்தபிறகு ஒவ்வொரு பகுதியும் தன் தன் பத்திரிகையை வாசித்தது. தன் தன் செத்தவர்களை மட்டும் அழுதது.

2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. இராயப்பு யோசேப்பு ஆண்டகை தன் குருமாரோடு போய் எழுத்தில் சாட்சியம் கொடுத்தார். அதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. அரசாங்கத்தின் கச்சேரிக் கணக்கையே எடுத்தார்: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் சனத்தொகை 429,059. பிறகு ஐ.நா. அலுவலகத்தின் கணக்கை எடுத்தார்: 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. கழித்தால் மிச்சம் 146,679. இத்தனை பேருக்கும் என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது அப்பாவும் பக்கத்தில் இருந்தார். ஆசிரியராக இருந்தவர் அல்லவா. கடதாசியில் தானே ஒருமுறை கழித்துப் பார்த்தார். சரியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சின்னம்மாவின் மகனுடைய ஞானஸ்நானத்தைத் தான்தான் எழுதியதாகச் சொன்னார். அந்தப் பதிவின் ஓரத்தில் கலியாணக் குறிப்பு இல்லை. மரணப் புத்தகத்திலும் அவன் இல்லை. ஆயர் கேட்டது ஒரு பங்குக் குரு கேட்க வேண்டிய கேள்வியைத்தான் என்று அன்று எனக்கு விளங்கியது. பிறந்த பிள்ளையின் பெயரை எழுதி, ‘இவன் எங்களவன்’ என்று ஒப்பமிடுகிற திருச்சபை, அவன் காணாமல் போனால் எங்கே என்று கேட்கக் கடமைப்பட்டது. கேட்காவிட்டால் அந்தப் புத்தகமே பொய். அப்பா முன்பு சொன்ன பொறுப்பு என்பது இதுதான்.

கேட்டதற்கு விலை இருந்தது. குற்றப் புலனாய்வுப் பிரிவினர் வந்து ஆயரை விசாரித்தார்கள். புலிகளின் ஆயர் என்று தெற்கில் எழுதினார்கள். 2012இல் ஜெனிவாவில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது, வடக்கு கிழக்குக் குருமார் பலர் ஆயரோடு சேர்ந்து மனித உரிமைப் பேரவைக்கு எழுதினார்கள். அதே காலத்தில் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அந்தத் தீர்மானத்தை வெளியாரின் தலையீடு என்று எதிர்த்தார். ஒரே ஆயர் பேரவைக்குள் ஒருவர் உலகத்திடம் கேட்டார். இன்னொருவர் உலகம் வேண்டாம் என்றார். இரண்டும் அரசியல்தான். ஆனால், முதலாவதற்கு மட்டுமே அந்தப் பெயர் சூட்டப்பட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் ஹோட்டல்கள் என்று குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் ஒரு வீட்டில் இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று வைத்திருந்தார்கள். அந்த அக்காவின் சகோதரி முறையானவரும் பிள்ளையும் அதில் போய்விட்டார்கள். நான் போய் அவரோடு இருந்தேன். பேச எதுவும் இல்லை. செபமாலை மட்டும் சொன்னோம், அவர் சிங்களத்திலும் நான் தமிழிலுமாக.

குண்டு வெடிக்கப் போகிறது என்ற புலனாய்வுத் தகவல் முன்கூட்டியே அரசாங்கத்தின் கையில் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. குண்டுவெடிப்பின் எதிரொலியாக மே மாதம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று தன் மக்களைத் தடுத்தார். அது பெரிய காரியம். 1990இல் எங்கள் கோயில்களில் கேட்காத சொல்லை 2019இல் அவர் சொன்னார். 2021 மார்ச் 7ஆம் திகதியைக் கறுப்பு ஞாயிறு என்று திருச்சபை அறிவிக்க, மக்கள் கறுப்பு உடுத்துப் பூசைக்கு வந்தார்கள். அக்காவும் கறுப்புச் சேலையோடு கோயில் வாசலில் பதாகை பிடித்து நின்றார். 2022 மார்ச்சில் கர்தினால் ஜெனிவா சென்று அதே மனித உரிமைப் பேரவையில் பேசினார். சாட்சியங்களைச் சேகரியுங்கள், பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்று கேட்டார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியைத் திருச்சபை விடாமல் கேட்டுவருகிறது.

அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார்: “மல்லி, உங்கட ஆக்கள் இவ்வளவு காலமாகக் கேட்டது இதைத்தானா?” ஓம் என்றேன். அவர் அழுதார். எனக்கு அந்த நேரத்தில் வென்றுவிட்ட உணர்வு எதுவும் வரவில்லை. ஒருவர் எங்கள் துயரத்தை விளங்கிக்கொள்வதற்கு அவருடைய வீட்டில் சா விழ வேண்டியிருந்தது என்பது கொடுமை. திருச்சபை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அதற்கு அவசியமே இருந்திராது.

கட்சி அரசியலைக் கோயிலுக்குள் கொண்டுவருவதை நான் ஆதரிக்கவில்லை. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஆயர் இல்லங்களுக்கு வரிசையாக வந்து ஆசீர்வாதப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பீடத்தில் நின்று இன்னாருக்கு வாக்குப் போடு என்று சொல்கிற குரு, பூசைக்கு வந்த பாதிப் பேரை வெளியே தள்ளுகிறார். ஆட்சிக்கு அருகில் இருந்தால் காணியும் கட்டடமும் கிடைக்கும் என்று நினைக்கிற மேலிடம் பிறகு வாய் திறக்க முடியாது. இந்த அரசியல் திருச்சபைக்கு ஆகாது. செத்தவன் எங்கே, காணாமல் போனவன் எங்கே, யார் பொறுப்பு என்று கேட்பது வேறு. ஆபேல் எங்கே என்று காயீனிடம் கேட்டவர் கடவுள். அந்தக் கேள்வியை எடுத்துக் கேட்கத்தான் சபை இருக்கிறது.

இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று காலமானார். அவர் கேட்ட 146,679 பேரின் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை. அப்பாவும் போய்விட்டார். சின்னம்மா இருக்கிறார், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராடுகிற பந்தலுக்குப் போய் வருகிறார்.

என் திருச்சபையின் குருமாரிடமும் மக்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். மே 18ஐ அண்டிய ஞாயிறு, தெற்கில் ஒரு சிங்களப் பங்கு, போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் போனவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிக்கட்டும். ஏப்ரல் 21இல் கட்டுவாப்பிட்டியின் பெயர்களை மன்னாரின் கோயில்கள் வாசிக்கட்டும். ஒக்டோபர் இறுதியில் எங்கள் ஊர் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாளைப் பீடத்திலிருந்து நினைவுகூருவோம். அவர்களில் சிலரையாவது அழைத்துப் பக்கத்தில் இருத்துவோம். இதற்கு ஆயர் பேரவையின் தீர்மானம் வேண்டியதில்லை, அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு பங்குக் குருவும் பெயர்கள் எழுதிய ஒரு கடதாசியும் போதும். வருகிற ஆண்டே தொடங்குங்கள்.